இடது கால் மட்டும் வீங்கினால்: இடுப்புச் சிரை அழுத்தத்தைச் சந்தேகிப்பதும் சிகிச்சை பெறுவதும்

இரண்டு கால்களும் ஒரே சீராக வீங்கும்போது மருத்துவர்கள் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பார்கள். ஒரு கால் மட்டும், குறிப்பாக இடது கால் மட்டும், கணுக்காலில் தொடங்கித் தொடையின் மேல்முனை வரை ஓரிரு நாளுக்குள் வீங்கிக் கனத்துப்போனால், அந்த விசாரணை தொடையோடு நின்றுவிடாமல் இடுப்புக்குள்ளும் செல்ல வேண்டும். அங்கே ஒரு தமனி ஒரு சிரையின் மேல் குறுக்காகப் படுத்திருப்பதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். மே–தர்னர் நோய்த்தொகுதி என்று அழைக்கப்படும் இந்த நிலையை எப்போது சந்தேகிப்பது, மருத்துவமனையில் எவற்றைக் கேட்பது, எந்த அடிப்படையில் சிகிச்சையை முடிவு செய்வது, அதன்பின் எவற்றில் கவனமாக இருப்பது ஆகியவற்றை இங்கே பார்க்கலாம். மருத்துவரிடம் சரியான கேள்விகளோடு போவதற்கே இந்த வழிகாட்டி. வீட்டிலேயே நோயை முடிவு செய்துகொள்வதற்கு அல்ல.

இடப்பக்கம் ஏன்?

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, தொப்புள் மட்டத்தை ஒட்டி, நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. கால்களிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுவரும் இரண்டு பொது இடுப்புச் சிரைகளும் அதற்குச் சற்றுக் கீழே, ஐந்தாவது முள்ளெலும்பின் முன்னால், உடலின் நடுக்கோட்டுக்குச் சிறிது வலப்புறமாக ஒன்றுசேர்ந்து கீழ்ப்பெருஞ்சிரையாகின்றன. சேருமிடம் வலப்புறம் இருப்பதால் வலது சிரை ஏறக்குறைய நேராக ஏறிவிடுகிறது. இடது சிரையோ முதுகெலும்பைக் குறுக்கே கடந்துதான் வலப்புறம் வந்து சேர வேண்டும். அப்படிக் கடக்கும் இடத்தில் வலது இடுப்புத் தமனி அதன் மேலே கிடக்கிறது. பின்னால் எலும்பு, முன்னால் தடித்த சுவருள்ள, துடிக்கின்ற தமனி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவருள்ள சிரை அகப்பட்டுக்கொள்கிறது.

அழுத்தத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று கொண்டால், ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை அந்தத் தமனி சிரையின் மேல் இடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இடிபட்ட இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்து, குறுக்கே திரை போலவோ நூல் போலவோ தழும்புத் திசு வளர்ந்துவிடுகிறது. 1957-இல் மே, தர்னர் என்னும் இரு மருத்துவர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, அவற்றில் 22 விழுக்காட்டில் இத்தகைய உள்வளர்ச்சி இருந்ததைப் பதிவு செய்தார்கள். நோய்த்தொகுதிக்கு அவர்களது பெயர் அப்படித்தான் வந்தது. இடது காலில் இரத்தம் உறைவது வலது காலைவிடக் கூடுதல் என்பதை அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1851-இல், ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ கவனித்திருந்தார்.

அந்த 22 விழுக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அத்தனை பேரும் நோயாளிகள் அல்லர். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு வயிற்றுத் தொல்லைகளுக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோது, கால் தொடர்பான எந்தக் குறையும் இல்லாத அவர்களிலேயே ஏறத்தாழ கால் பங்கினருக்கு இடது சிரை பாதிக்கு மேல் அழுந்தியிருந்தது. ஸ்கேன் அறிக்கையில் "இடது இடுப்புச் சிரை அழுந்தியுள்ளது" என்ற வரியைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்கள் உண்டு. காலில் வீக்கமோ உறைவோ வலியோ புண்ணோ இல்லாதவருக்கு அந்த வரி உடற்கூற்று வர்ணனை மட்டுமே. அதற்காக ஸ்டென்ட் (சிரையை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துக்கொள்வது தேவையற்றது என்பதே என் கருத்து.

அழுத்தம் நோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் இன்னொரு காரணம் வந்து சேர வேண்டியிருக்கிறது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும் இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது. வளர்ந்த கருப்பை சிரையை மேலும் அழுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்தே இருக்கும் நாட்கள், 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செய்யும் பயணம், உடலில் நீர்ச்சத்துக் குறைவு, குடும்ப வழியாக வரும் உறைவுக் கோளாறு, புற்றுநோய் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். 20 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதற்கு இவற்றில் சில விளக்கம் தருகின்றன. ஆண்களுக்கு வராது என்றோ, வலது காலில் வரவே வராது என்றோ எண்ணிவிடக் கூடாது. இரண்டும் உண்டு, குறைவாக.

வீட்டில் என்ன பார்க்கலாம்?

துணிகளை நீக்கி, நல்ல வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதே முதல் தடயம். கெண்டைக்கால் சிரையில் மட்டும் உறைவு இருந்தால் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். இடுப்புச் சிரை அடைபட்டால் தொடையும் சேர்ந்து பருக்கும், சிலருக்குப் பிட்டத்திலும் கீழ்முதுகிலும் வலி தெரியும்.

கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட அளந்து சொல்வது பயன்தரும். முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டிலிருந்து சரியாக 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, தையல் நாடாவை இறுக்காமல் சுற்றி அளவெடுக்க வேண்டும். மறு காலிலும் அதே தொலைவில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 3 செ.மீ.-க்கு மேல் வேறுபாடு இருப்பது, ஆழ்சிரை உறைவின் சாத்தியத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வெல்ஸ் மதிப்பீட்டில் ஒரு புள்ளியாகச் சேர்கிறது. தொடையையும் சில்லுக்கு மேலே 15 செ.மீ. தொலைவில் அளந்து, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டால், "நேற்றைவிடக் கூடியிருக்கிறது" என்பதற்கு எண் கையில் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலைச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பார்க்கலாம்.

அடுத்துத் தோலின் நிறம். சிவந்தோ நீலம் பாய்ந்தோ, தொட்டால் மறு காலைவிடச் சூடாகவோ இருக்கலாம். அடிவயிற்றிலும் இடது கவட்டிலும், முன்பு இல்லாத சிரைகள் தோலுக்கடியில் புடைத்துத் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். உள்ளே வழி அடைபட்ட இரத்தம் சுற்றுவழி தேடியிருப்பதன் அடையாளம் அது. பழைய, மெதுவாக வளர்ந்த அடைப்பில் இதைக் கூடுதலாகக் காணலாம். நடந்தால் தொடை வெடித்துவிடும்போல் இறுகுவதும், காலை உயரத்தில் தூக்கி வைத்தால்தான் அது தணிவதும் சிரை அடைப்புக்கே உரிய வலி. தமனி அடைப்பினால் வரும் வலியோ நடையை நிறுத்தி நின்றாலே குறைந்துவிடும்.

பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இன்னும் பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. வலி வந்தாலும் வராவிட்டாலும் அதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் அதை விட்டுவிடலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் உருவிவிடுவதும் ஒத்தடத்துக்குப் பின் அழுத்திப் பிடிப்பதும் கட்டாயம் கூடாது. தளர்ந்திருக்கும் உறைவின் துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது கூடும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், காரணமில்லாத வேகமான துடிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அளவெடுப்பதை விட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கால் முழுவதும் இறுகி, நீலமாகி, தாங்க முடியாமல் வலிப்பதும் அதே அவசரம்தான், ஏனெனில் அந்நிலையில் காலையே இழக்கும் ஆபத்து இருக்கிறது. இவை எவையும் இல்லாமல் ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கியிருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "இரண்டு நாள் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

மருத்துவமனையில்

வீக்கம் எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் ஏறியது, அண்மையில் பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ பயணமோ நடந்ததா, எந்த மாத்திரைகளை உட்கொள்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்ததா, முன்பு கருச்சிதைவு ஏற்பட்டதா ஆகியவற்றைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கருத்தடை மாத்திரையைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை, ஆகவே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

உறைவின் சாத்தியம் குறைவு என்று மருத்துவர் கணித்தால் டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். அது இயல்பாக இருந்தால் உறைவு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் அது கூடியிருப்பதால் மட்டும் உறைவு உறுதியாவதில்லை. கர்ப்பம், நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை ஆகிய எல்லாவற்றிலும் அது ஏறும். தொடைவரை வீங்கிய காலுக்கு நேராக, ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான்.

இந்த ஸ்கேனில் நடப்பதை அறிந்திருந்தால் அறிக்கையைப் படிப்பது எளிதாகும். கவட்டிலும் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னும் கருவியை வைத்துச் சிரையை மெல்ல அழுத்துவார்கள். உறைவு இல்லாத சிரை, காலியான பை போல முழுவதும் தட்டையாகிவிடும். உறைவு இருந்தால் அழுந்தாது. இடுப்புச் சிரையை இப்படி வெளியிலிருந்து அழுத்திப் பார்க்க வழியில்லை, குடலில் உள்ள வாயுவும் படத்தை மறைக்கும். எனவே கால் டாப்ளரில் "ஆழ்சிரைகள் இயல்பு" என்று வந்துவிட்டால், கவட்டுக்கு மேலே எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. ஒரு மறைமுகத் தடயம் உண்டு: கவட்டுச் சிரையின் ஓட்டம் மூச்சுக்கேற்ப அலைபோல ஏறி இறங்க வேண்டும். இடது பக்கம் அந்த அலை மறைந்து தட்டையான கோடாக ஓடினால், மேலே எங்கோ தடை இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இரண்டு பக்கமும் மூச்சலை ஒப்பிடப்பட்டதா? இடுப்புச் சிரைகள் பார்க்கப்பட்டனவா?"

பார்க்கப்படவில்லை என்றாலோ, தொடையில் மேலேறிய உறைவு தெரிந்தாலோ, சிரைகளைப் படம்பிடிக்கும் சி.டி. அல்லது எம்.ஆர். வெனோகிராம் அடுத்த படி. இடுப்பில் கட்டி, பெரிதான கருப்பை, வீங்கிய நிணநீர்க்கணு என வேறு ஏதாவது சிரையை அழுத்துகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். சி.டி.-க்குச் செலுத்தும் சாய மருந்தால் முன்பு ஒவ்வாமை வந்திருந்தாலும், சிறுநீரகக் குறைபாடு இருந்தாலும், கர்ப்பம் இருக்கக்கூடும் என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீர்ச்சத்துக் குறைந்து மல்லாந்து படுத்திருப்பவரின் சிரை இயல்பாகவே சப்பிப்போய் அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், ஒரே படத்தை வைத்துப் பெரிய முடிவுகளை எடுப்பதில்லை. சிரைக்குள்ளேயே சிறு ஒலிக்கருவியை நுழைத்துச் சுற்றளவை உள்ளிருந்து பார்க்கும் ஐவஸ் சோதனை இன்று மிகத் துல்லியமானதாகக் கருதப்படுகிறது. பரப்பளவில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சுருக்கத்தை அதில் பொருட்படுத்துகிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் எண்ணத்தோடு செயல்முறை அறைக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள்.

சிகிச்சை முடிவுகள்

உறைவு உறுதியானதும், அதன் காரணம் எதுவாயினும், இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து அன்றே தொடங்க வேண்டும். தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியாக இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். ரிவாரோக்ஸபான் என்றால் வழக்கமாக முதல் 21 நாட்கள் 15 மி.கி. வீதம் இருவேளை, பிறகு 20 மி.கி. ஒருவேளை, உணவோடு, அபிக்ஸபான் என்றால் முதல் 7 நாட்கள் 10 மி.கி. இருவேளை, பிறகு 5 மி.கி. இருவேளை. அளவு மாறும் அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். அதைத் தவறவிடுவது எளிது. வார்ஃபரின் தரப்பட்டால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்குமாறு அடிக்கடி பரிசோதனை தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் வகை ஊசியே தரப்படுகிறது. வார்ஃபரினும் மேற்சொன்ன மாத்திரைகளும் தவிர்க்கப்படுகின்றன. எந்த மருந்தாயினும் குறைந்தது 3 மாதங்கள் தொடரும்.

இம்மருந்துகள் உறைவு வளர்வதை நிறுத்துகின்றன, ஏற்கெனவே இருப்பதைக் கரைக்கும் வேலையை உடலிடம் விட்டுவிடுகின்றன. சிரையை நெரிக்கும் தமனியையோ உள்ளே வளர்ந்த தழும்பையோ அவை தொடுவதே இல்லை. இந்த நோயில் மருந்து மட்டும் போதுமா என்ற கேள்வி எழுவது இதனால்தான். இடுப்புச் சிரையில் உறைவு அப்படியே நின்று தழும்பானால், காலில் நிரந்தர வீக்கம், கனம், கணுக்காலின் உட்புறத்தில் கருமை, ஆறாத புண் எனத் தொடரும் உறைவுப் பிந்தைய நோய்த்தொகுதி வரக்கூடும். ஆழ்சிரை உறைவு கண்டவர்களில் 20 முதல் 50 விழுக்காட்டினருக்கு அது ஏதோ ஓர் அளவில் வருகிறது.

குழாய் வழியாக உறைவைக் கரைப்பதோ உறிஞ்சி எடுப்பதோ மற்றொரு வழி. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்னுள்ள சிரையில் ஊசிவழிக் குழாயைச் செலுத்தி, உறைவுக்குள்ளேயே கரைப்பு மருந்தை மெல்லச் சொட்டவிடுவார்கள், அல்லது கருவியால் இழுத்தெடுப்பார்கள். எல்லாருக்கும் இதைச் செய்வது சரியா என்பதற்கு 2017-இல் வெளியான அட்ராக்ட் ஆய்வு நிதானமான விடை தந்தது. 692 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், பிந்தைய நோய்த்தொகுதி வந்தவர்களின் விகிதம், கரைப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்கள் ஆகிய இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: 47, 48 விழுக்காடு. பெரும் இரத்தக்கசிவோ, கரைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 1.7 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 0.3 விழுக்காடு. ஆனால் நடுத்தரமும் கடுமையுமான பாதிப்பு 24-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. இதை வைத்து நியாயமாகச் சொல்லக்கூடியது என்னவென்றால், உறைவு இடுப்புவரை ஏறியிருந்து, 14 நாட்களுக்குட்பட்டதாக இருந்து, வயதும் உடல்நிலையும் இடம்கொடுத்து, இரத்தக்கசிவு அபாயம் குறைவாக உள்ளவருக்கு இந்த வழியைத் தீவிரமாக யோசிக்கலாம். அந்த 14 நாள் கணக்குதான் முதல் நாளிலேயே இடுப்பைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம். காலே போய்விடும் அபாயத்தில் இருப்பவருக்கு இது விருப்பத் தேர்வு அல்ல, அவசரம்.

உறைவு நீங்கியதும் அடியிலிருந்த சுருக்கம் வெளிப்படும். பலூனால் மட்டும் விரித்தால் தமனியின் அழுத்தத்தால் அது மீண்டும் சுருங்கிவிடும் என்பதால், தானே விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் அங்கே வைக்கப்படுகிறது. இதயத் தமனியில் வைப்பது 3, 4 மி.மீ. விட்டமுள்ளது; பொது இடுப்புச் சிரைக்கோ 14 முதல் 18 மி.மீ. தேவை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஸ்டென்ட் எந்த இடத்திலிருந்து எதுவரை வரும், ஐவஸ் பயன்படுத்துவார்களா, சிரைக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஸ்டென்ட்டா, இதே செயல்முறையை இந்தக் குழு வழக்கமாகச் செய்கிறதா, அடைபட்டால் என்ன செய்வார்கள். சில நாட்களுக்குக் கீழ்முதுகு வலிப்பது எதிர்பார்க்கத்தக்கது. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி உறைதல், ஸ்டென்ட் இடம் பெயர்தல், எதிர்ப்பக்கச் சிரையில் உறைவு ஆகியவை அரிதாயினும் அறிந்திருக்க வேண்டிய அபாயங்கள். உறைவு எதுவும் இல்லாமல் லேசான வீக்கம் மட்டும் உள்ளவர் முதலில் அழுத்தக் காலுறையையும் நடையையும் முயன்று பார்ப்பதே முறை.

உறைவுத் துண்டு நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கக் கீழ்ப்பெருஞ்சிரையில் வைக்கும் வடிகட்டியைப் பற்றியும் கேள்வி வரும். உறைவுத் தடுப்பு மருந்தே தர முடியாதவர்களுக்கானது அது. வைத்தால் எப்போது எடுப்பார்கள் என்ற தேதியையும் அன்றே கேட்டு வாங்க வேண்டும்.

அதன் பிறகு

ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் ஒரு வேளை மருந்தையும் விடக் கூடாது. மறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதால், தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எவ்வளவு காலம் தொடர்வது என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை: பிரசவம் போன்ற தற்காலிகத் தூண்டுதலால் வந்து, தடையும் நீக்கப்பட்டவருக்குச் சில மாதங்களில் நிறுத்தலாம், தூண்டுதல் எதுவும் இல்லாமல் வந்தவருக்கு நீண்டகாலம் தேவைப்படலாம். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தாமாக வாங்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் பாதுகாப்பானது. மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை முறைகளுக்கு மாற்று கேட்க வேண்டும். குழந்தை பெறும் எண்ணமிருந்தால், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கும் முன்பே பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அழுத்தக் காலுறை பிந்தைய நோய்த்தொகுதியைத் தடுக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2014-இல் வெளியான, 806 பேர் கொண்ட ஆய்வு அப்படித் தடுப்பதாகக் காட்டவில்லை. வீக்கமும் கனமும் குறைந்து சுகமாக இருந்தால் அணியலாம், கட்டாயம் என்று வருந்த வேண்டியதில்லை. நடப்பதற்கு மருந்து தொடங்கியபின் அஞ்ச வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு அன்றாடம் நடப்பது நன்மையே செய்யும். நீண்ட பயணத்தில் இடையிடையே எழுந்து நடப்பதும், உட்கார்ந்த இடத்தில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், தண்ணீர் குடிப்பதும் போதுமானவை.

ஸ்டென்ட் திறந்திருக்கிறதா என்பதை முதல் சில வாரங்களிலும், 3, 6, 12 மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும் டாப்ளரில் பார்ப்பது பொதுவான வழக்கம். இடையே இடது காலின் அளவு மீண்டும் கூடினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. புதிதாக அடைபட்ட ஸ்டென்ட்டைச் சில நாட்களுக்குள் திறப்பது எளிது, மாதங்கள் கழிந்தபின் கடினம். முன்பு அளந்த அதே கோடுகளில், வாரத்துக்கு ஒருமுறை காலையில் எழுந்ததும் அளந்து குறித்து வந்தால் இந்த மாற்றம் விரைவில் கண்ணில் படும். ஸ்டென்ட்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டையை மருத்துவமனை தரும். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும், வயிற்றிலோ முதுகெலும்பிலோ அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போதும், பல் பிடுங்கும் முன்பும் அந்த அட்டையையும் அப்போது உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் காட்ட வேண்டும்.